வறுமைக்குக் காரணம் யாது?
(சமூகவியல் நோக்கின் தோற்றம் பற்றிய ஒரு வரலாற்றாராய்ச்சி)

மனிதனைப் பற்றிய துன்பங்களுள் வறுமை மிகப் பழமையானது. மிகப் பரந்ததும் அதுவே. திருக்குறளில் நல்குரவு என ஓர் அதிகாரம் இருப்பதை யாவரும் அறிவர். அந்நூலிலேயே ஊழ் என ஓரதிகாரமும், ஆள்வினையுடைமை என மற்றோரதிகாரமும் உள்ளன. ஒருவன் வறியனாயிருப்பது எதனால் என்னும் வினாவுக்கு உலகத்தார் காலங்காலமாகக் கூறிவந்த விடைகளும் பெரும்பாலும் இரண்டே. அவனுடைய ஊழ் அத்தகையது என்பது ஒன்று. அவனுடைய முயற்சி போதாது என்பது மற்றொன்று. மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒன்றற்கொன்று மாறானவையாகத் தோன்றும். ஆயினும் ஒரு வகையில் அவை ஒத்தனவே. இரண்டும் வறுமையின் காரணத்தை வறியவனிடத்திலேயே தேடுகின்றன. அவனுக்கு வேலை கிடைத்த முறை யாது, அவ்வேலைக்குக் கிடைத்த கூலி எவ்வளவு, அக்கூலி கொண்டு ஒரு குடும்பம் உயிர்வாழ இயலுமா என்னும் வினாக்களை அவை எழுப்புவதில்லை. அவ்வினாக்களை எழுப்பத் தொடங்கும் இடத்திலேயே சமூகவியல் நோக்குப் பிறக்கின்றது.

சமூகவியல் என்னும் பெயரை அறிவுலகில் நிலைநாட்டியவர் பிரான்சிய அறிஞராகிய ஒகஸ்த் கொம்த் ஆவர். 1830 களின் இறுதியிலே அவர் அப்பெயரை வழங்கினார். கோள்களின் இயக்கத்துக்கு விதிகள் உள்ளவாறே மனிதக் கூட்டத்தின் இயக்கத்துக்கும் விதிகள் உள. அவற்றை ஆராய்தற்கு ஒரு தனி விஞ்ஞானம் வேண்டும் என்பது அவர் கருத்து. பின்னர்ப் பிரான்சிலே எமில் டூர்க்கைமும் ஜேர்மனியிலே மாக்ஸ் வெபரும் அவ்வியலுக்கு முறைமையையும் ஆழத்தையும் அளித்தனர். எனினும், இவ்வியலைப் புதிதாகக் கற்கப் புகும் மாணவர் அறிஞர்தம் பெயர்களையும் வரைவிலக்கணங்களையும் மனனஞ் செய்வதோடு நின்றுவிடின் அதன் உயிர்நிலையை அறிந்தவராகார். ஒரு நாடு தன் பழைய விடையை ஐயுற்றுப் புதிய வினாவொன்றை எழுப்பக் கற்றுக்கொண்ட வரலாற்றை அறிவதே அதற்குத் தக்க வாயிலாகும். அத்தகைய வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே இங்கிலாந்தில் நிகழ்ந்தது.

இங்கிலாந்தில் வறியோரைப் பராமரிக்கும் பொறுப்பை 1601 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வக் கோவிற்பற்றின் மீது சுமத்தியிருந்தது. கைத்தொழிற் புரட்சியின் விளைவாக மக்கள் நாட்டுப்புறங்களை விட்டு நகரங்களிற் குவிந்தபோது இப்பழைய ஏற்பாடு தளர்ந்தது. வறியோர்க்கெனச் செலுத்திய வரி வளர்வதைக் கண்டு வரியிறுப்போர் வெகுண்டனர். இந்நிலையில் 1834 ஆம் ஆண்டிலே புதிய வறியோர் சட்டம் இயற்றப்பட்டது. உதவி எளிதிற் கிடைக்குமாயின் உழைப்பதற்கு எவர்க்கும் மனம் எழாது என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. ஆதலால், உதவி பெறுபவனுடைய நிலை, உதவியின்றி உழைக்கும் மிகத் தாழ்ந்த தொழிலாளியின் நிலையினும் விரும்பத்தகாததாய் இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. உடல்வலிமையுள்ளோர் உதவி வேண்டின் வேலைச்சாலை எனப்பட்ட விடுதியுட் புகவேண்டும். அங்கே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே வகை உடை, அளந்து கொடுக்கும் உணவு, கல்லுடைத்தலும் பழங்கயிறு பிரித்தலும் ஆகிய வேலை என்பனவே அவ்விடுதி வாழ்க்கை. இச்சட்டம் எல்லா இடங்களிலும் எழுத்துக்கெழுத்து நிறைவேற்றப்பட்டதன்று. எனினும் அதன் உட்கருத்து நாட்டின் மனத்திற் பதிந்துவிட்டது. வறுமை ஒரு குணக்குறை, அதற்கு மருந்து அச்சமும் நாணமும் என்பதே அவ்வுட்கருத்து.

தருமச் செயல்களில் ஈடுபட்ட நல்லோரும் இக்கருத்துக்கு விலக்காகவில்லை. 1869 ஆம் ஆண்டிலே இலண்டனில் நிறுவப்பட்ட தரும ஒழுங்கமைப்புச் சங்கம், உதவி நாடிவரும் ஒவ்வொரு குடும்பத்தையும் நேரிற் சென்று விசாரித்து, உதவத்தக்கோர் இவர், தகாதோர் இவர் எனப் பகுத்தது. அவ்வாறு விசாரித்தோர் கல்நெஞ்சர் அல்லர். அவருட் பலர் தம் காலத்தையும் பொருளையும் வறியோர்க்கென ஈந்தவர். ஆயினும் அவர் ஆளை விசாரித்தனரேயன்றி ஊரை விசாரித்தாரல்லர். ஒரு தெருவிலே பத்துக் குடும்பங்கள் பசித்திருப்பின், பத்து வெவ்வேறு கதைகள் அவர்தம் ஏடுகளிற் பதிவாயின. அப்பத்துக் கதைகளுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டோ என்னும் ஐயம் அவர்க்கு எழவில்லை.

1880 களிலே அவ்வையம் எழுவதற்கான சூழ்நிலை தோன்றிற்று. வேலையின்மை பெருகியது. 1883 இல் இலண்டன் வறியோரின் குடியிருப்புக்களைப் பற்றி வெளிவந்த சிறுநூலொன்று நாட்டைக் கலக்கியது. 1886 பெப்ருவரியில் வேலையற்றோர் கூட்டமொன்று செல்வர் வாழும் வீதிகளிற் புகுந்து கலகஞ் செய்தது. வறியோர் தொகை பெரிதெனச் சிலரும், அது மிகைப்பட்ட கூற்றெனச் சிலரும் வாதிட்டனர். ஆனால் எத்தனை பேர் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. அதனை எண்ணிப் பார்க்கத் துணிந்தவர் சாள்ஸ் பூத் என்பவர். லிவர்பூல் நகரிற் பிறந்த அவர் கப்பல் வணிகர். பல்கலைக்கழகப் பட்டமெதுவும் பெறாதவர். தனியார் முயற்சியில் நம்பிக்கை மிக்கவர். தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1886 இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சி 1903 இல் பதினேழு தொகுதிகளாக நிறைவுபெற்றது.

பூத் கையாண்ட முறை மாணவர் நுணுகி நோக்கத்தக்கது. 1870 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர் நிறுவப்பட்ட பாடசாலைச் சபைகளுக்கு, பிள்ளைகளின் வரவைக் கண்காணிக்கும் உத்தியோகத்தர் இருந்தனர். வீடு வீடாகச் சென்றுவந்த அவர்கள் ஒவ்வொரு குடும்பத்தின் தொழிலையும் வருவாயையும் அறிந்திருந்தனர். பூத் அவர்களை அழைத்து, தெருத் தெருவாக, வீடு வீடாக வினவி எழுதுவித்தார். பெற்ற செய்திகளைக் குடிசனமதிப்பு விபரங்களோடும் பிறர் வாயிலாக அறிந்தவற்றோடும் ஒப்புநோக்கினார். மக்களை எட்டு வகுப்பினராகப் பகுத்தார். தெருக்களின் நிலையை ஏழு நிறங்களாற் காட்டும் பெரும் படமொன்று வரைவித்தார். மிகக் கீழ்ப்பட்டோர் எனக் கருதப்பட்டவர் வாழ்ந்த தெரு கறுப்பு. நாட்கூலியை நம்பிய பெருவறியோர் தெரு கருநீலம். வறியோர் தெரு இளநீலம். செல்வர் தெரு மஞ்சள். ஒரு செல்வன் தன் மஞ்சள் வீதியின் பின்புறத்தே சில முழம் அப்பால் நீலமும் கறுப்பும் இருப்பதை அப்படத்தில் முதன்முறையாகக் கண்டான்.

எண்ணி முடித்தபோது இலண்டன் மக்களுள் நூற்றுக்கு 30.7 வீதத்தினர் வறுமையில் வாழ்ந்தனர் என்பது வெளியாயிற்று. அதனினும் முக்கியமான செய்தி மற்றொன்று உண்டு. வறியோருள் ஏறக்குறைய நாலாயிரம் பேருடைய நிலைமைகளை எடுத்து அவர் காரணங்களை வகைப்படுத்தினார். குடி, ஊதாரித்தனம் முதலிய பழக்கங்களாற் கெட்டவர் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு வீதத்தினரே. மிகப் பெரும்பாலோர் வறியராயிருந்ததற்குக் காரணம் நிலையற்ற வேலையும் குறைந்த கூலியும் ஆகும். நோயும் பெருங்குடும்பமும் அவற்றுக்கு அடுத்தபடியான காரணங்கள். பூத்தின் உதவியாளருள் ஒருவராய் விளங்கிய பீற்றிஸ் பொற்றர் அம்மையார் துறைமுகத் தொழிலாளரை ஆராய்ந்தார். விடியற்காலையிற் றுறைமுக வாயிலிலே தொழிலாளர் திரள்வர். அன்றைக்கு வேண்டிய அளவினர் மட்டும் தெரிந்தெடுக்கப்படுவர். ஏனையோர் வெறுங்கையோடு மீள்வர். அங்கே கூடிய அனைவரும் ஒரே நாளில் ஒழுக்க சீலராகிவிட்டாலும், உள்ள வேலை நூறு பேர்க்கே போதுமாயின் நூற்றோராவது மனிதன் வெறுங்கையோடுதான் திரும்புவான். அவனுடைய பசி அவன் குணத்தில் தங்கியதன்று. வேலையை வழங்கும் ஒழுங்கிற் றங்கியது.

இலண்டன் மாநகர் ஒரு விதிவிலக்கு எனச் சிலர் கூறினர். அக்கூற்றைச் சோதித்தவர் சீபோம் றவுண்ட்றி. யோர்க் நகரிலே கொக்கோ, இனிப்புப் பண்டத் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தில் 1871 இற் பிறந்தவர் அவர். தம் நகரின் தொழிலாளர் வீடுகள் அனைத்தையும் 1899 இல் விசாரிப்பித்தார். 11,560 குடும்பங்கள், 46,754 மக்கள். அஃதாவது நகர மக்களுள் ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கினர். இவ்வாராய்ச்சி 1901 இல் நூலாக வெளிவந்தது.

வறுமை என்பதன் எல்லை யாது என்னும் வினாவுக்குத் தெளிவான விடை காண முயன்றமை றவுண்ட்றியின் தனிச்சிறப்பு. உடல் உழைப்புக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்பதை அக்கால உணவு விஞ்ஞானத்தின் துணைகொண்டு கணித்தார். தாய் தந்தையரும் மூன்று பிள்ளைகளும் கொண்ட குடும்பத்துக்கு, கிழமையொன்றில் உணவுக்கு 12 சிலிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 சிலிங், உடை, விளக்கு, விறகு, நிலக்கரி முதலியவற்றுக்கு 4 சிலிங் 11 பென்ஸ். ஆக மொத்தம் 21 சிலிங் 8 பென்ஸ் வேண்டும் எனக் கண்டார். (அக்கால நாணய முறையில் 12 பென்ஸ் ஒரு சிலிங்; 20 சிலிங் ஒரு பவுண்.) இக்கணக்கிற் புதிய இறைச்சிக்கு இடமில்லை, பத்திரிகைக்கு இடமில்லை, வண்டிச் செலவுக்கு இடமில்லை, கோவிற் காணிக்கைக்கும், பிள்ளைக்கு ஒரு விளையாட்டுப் பொருள் வாங்குவதற்கும் இடமில்லை. தந்தை ஒரு நாளாவது நோயுற்றுக் கிடத்தற்கும் இடமில்லை. மிகைப்படக் கூறினார் என எவரும் பழியாதவாறு எல்லையை இயன்ற அளவு தாழ்த்தியே வகுத்தார். அங்ஙனம் தாழ்த்தி வகுத்த எல்லைக்கும் யோர்க் நகரின் கூலியாள் எட்டவில்லை. பயிற்சியில்லாத் தொழிலாளி அக்காலத்தில் அங்குப் பெற்ற கிழமைக்கூலி 18 முதல் 21 சிலிங் வரையே. ஒழுங்காக வேலைக்குச் சென்று, ஒரு காசும் வீணாக்காது மனைவி கையிற் கொடுக்கும் உத்தமனும், மூன்று பிள்ளைகள் பிறந்துவிடின், தன் குடும்பத்தை உடல்நலத்தோடு காக்க இயலாதவனாகிறான்.

எல்லைக்குக் கீழ்ப்பட்ட வருவாயுடையோரை முதனிலை வறுமையுற்றோர் என்றும், வருவாய் போதியதாயிருந்தும் அதன் ஒரு பகுதி வேறு வழியிற் சென்றமையாற் குறைவுற்றோரை இரண்டாம் நிலை வறுமையுற்றோர் என்றும் அவர் பகுத்தார். முதனிலையினர் 7,230 பேர். இரண்டாம் நிலையினர் 13,072 பேர். இரு சாராரையும் கூட்டின் நகர மக்களுள் நூற்றுக்கு 27.84 வீதத்தினராவர். முதனிலை வறுமையின் காரணங்களை அவர் பின்வருமாறு கணித்தார்: ஒழுங்கான வேலையிருந்தும் கூலி குறைவாயிருத்தல் 51.96 வீதம், பெருங்குடும்பம் 22.16 வீதம், உழைப்பவன் இறந்தமை 15.63 வீதம், நோயும் முதுமையும் 5.11 வீதம், ஒழுங்கற்ற வேலை 2.83 வீதம், வேலையின்மை 2.31 வீதம். இப்பட்டியலின் முதலிலுள்ள எண்ணே 1834 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையைத் தகர்த்த எண்ணாகும். மிக வறியோருட் பாதிக்கு மேற்பட்டோர் உழையாமையால் வறியரானவரல்லர், உழைத்துக்கொண்டே வறியராயிருந்தவர்.

றவுண்ட்றி கண்ட உண்மைகளுள் இன்றும் வியந்து நோக்கத்தக்கது பிறிதொன்று. ஒரு தொழிலாளியின் வாழ்நாள் வறுமையும் ஓரளவு நிறைவும் மாறிமாறி வரும் ஐந்து பருவங்களாக அமைந்திருந்தது. குழந்தைப் பருவத்தில் வறுமை. தானும் தன் உடன்பிறந்தாரும் உழைக்கத் தொடங்கியபின் சிறிது நிறைவு. மணஞ் செய்து இரண்டு மூன்று பிள்ளைகள் பிறந்தபின் மீண்டும் வறுமை. அப்பிள்ளைகள் வளர்ந்து உழைக்கும்போது மீண்டும் நிறைவு. அவர்கள் மணந்து பிரிந்து, தன் உடலும் தளர்ந்தபின் இறுதி வறுமை. ஆகவே ஒரு குறித்த நாளில் எண்ணப்பட்ட வறியோர் தொகை, வாழ்நாளில் ஒருமுறையேனும் வறுமையை அனுபவிப்போர் தொகையிலும் மிகக் குறைவானதே. உடல் வளரவேண்டிய குழந்தைப் பருவத்திலும், கருவைச் சுமக்கும் தாய்மைப் பருவத்திலுமே வறுமை கடுமையாயிருந்தது என்பதும் இதனாற் புலனாயிற்று. ஒரே மனிதன் இளமையில் நல்லவனாகவும், நடுவயதிற் சோம்பேறியாகவும், பின்னர் மீண்டும் நல்லவனாகவும் மாறினான் எனக் கூறுதல் எவ்வாறு பொருந்தும்? மாறியது அவன் குணமன்று. உண்ணும் வாய்களுக்கும் உழைக்கும் கைகளுக்கும் இடையேயுள்ள கணக்கு.

இவ்வாராய்ச்சிகள் குறைபாடற்றவை எனக் கொள்ளுதல் தவறாகும். றவுண்ட்றி இரண்டாம் நிலை வறுமையைக் கணித்த முறை, வீட்டின் தோற்றத்தைக் கண்டு விசாரணையாளர் கொண்ட எண்ணத்தைச் சார்ந்திருந்தது. தரும ஒழுங்கமைப்புச் சங்கத்தைச் சேர்ந்த எலென் பொசன்கே அம்மையார் அவருடைய கணிப்புக்களை வன்மையாகக் கண்டித்தார். பூத்தும் கறுப்புத் தெருவினரைப் பற்றி எழுதும்போது தம் காலத்தார் கொண்டிருந்த இகழ்ச்சியினின்று முற்றும் விடுபட்டாரல்லர். ஆயினும் இவ்விருவரும் தம் முறைகளை மறையாது எழுதிவைத்தமையாலேயே பிறர் அவற்றைச் சோதிக்கவும் கண்டிக்கவும் முடிந்தது. வெறும் அபிப்பிராயத்துக்கும் சமூகவியல் ஆராய்ச்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாம்.

வினா மாறியபின் சட்டங்களும் மாறத் தொடங்கின. 1906 இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க இடமளிக்கும் சட்டம் நிறைவேறியது. 1908 இல் எழுபது வயதடைந்த வறிய முதியோர்க்குக் கிழமைக்கு ஐந்து சிலிங் வரை ஓய்வூதியம் வழங்க விதிக்கப்பட்டது. முதியோர்க்கு ஓய்வூதியம் வேண்டுமெனப் பல்லாண்டு வாதாடியவருள் பூத்தும் ஒருவர். 1909 இல் கூலி மிகக் குறைந்த சில தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வகுக்கும் சபைகளும், 1911 இல் நோய்க்கும் வேலையின்மைக்கும் எதிரான காப்புறுதியும் ஏற்பட்டன. இம்மாற்றங்கள் யாவும் இரண்டு நூல்களால் விளைந்தன எனல் மிகையாகும். தொழிற்சங்கங்களின் கிளர்ச்சியும், கட்சிகளின் போட்டியும், போருக்கு ஆட்சேர்த்தபோது வெளியான உடல்நலக் குறைவும் அவற்றுக்குக் காரணமாயின. எனினும் நல்குரவுற்றோன் குற்றவாளியல்லன் என்பதை நிறுவிய சான்று இவ்வாராய்ச்சிகளே. 1942 இல் வெளியான பெவறிட்ஜ் அறிக்கையும் அதன்பின் எழுந்த சமூகப் பாதுகாப்புத் திட்டமும் இவ்வழியில் வந்தவை. 1948 இல் பழைய வறியோர் சட்டம் முற்றாக ஒழிக்கப்பட்டது.

றவுண்ட்றி தம் நகரை 1936 இலும் 1950 இலும் மீண்டும் ஆராய்ந்தார். சற்று உயர்த்தி வகுத்த எல்லையின்படி 1936 இல் தொழிலாளருள் நூற்றுக்கு 31.1 வீதத்தினர் வறியராயிருந்தனர். 1950 இல் அத்தொகை 3 வீதத்துக்கும் குறைந்தது எனக் கணித்தார். வறுமை அழிந்துவிட்டதெனப் பலர் மகிழ்ந்தனர். ஆனால் அம்முடிவும் மறுபரிசோதனைக்குத் தப்பவில்லை. பீற்றர் ரவுன்சென்ட் என்னும் அறிஞர் 1979 இல் வெளியிட்ட பெருநூலில், உயிர்வாழப் போதுமான உணவு மட்டும் வறுமையின் எல்லையாகாது. ஒருவன் வாழும் சமுதாயத்திற் பிறர் இயல்பாகப் பங்குகொள்ளும் வாழ்க்கையிற் றானும் பங்குகொள்ள இயலாமையே வறுமை என வாதிட்டார். வறுமை என்பதன் பொருளே சமுதாயத்தோடு சேர்ந்து மாறுவது என்னும் இக்கருத்து, சமூகவியல் நோக்கை மேலும் ஓர் அடி முன்னே கொண்டுசென்றது.

இவ்வரலாற்றினின்று பெறப்படும் உண்மையை அமெரிக்க அறிஞர் சீ. றைட் மில்ஸ் 1959 இல் எழுதிய நூலிற் கோட்பாடாகவே வகுத்துரைத்தார். தனி ஒருவனுடைய இடர் வேறு. சமுதாயத்தின் பொதுப் பிரச்சினை வேறு. ஒரு பெருநகரில் ஒருவனே வேலையற்றிருப்பின் அவனுடைய திறமையையும் குணத்தையும் ஆராய்தல் தகும். உழைக்க வல்லோருட் பெருந்தொகையினர் வேலையற்றிருப்பின், ஒவ்வொருவன் குணத்தையும் தனித்தனியே ஆராய்வதால் விடை கிடையாது. இவ்விரண்டையும் பிரித்தறிதலும், பின் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி நோக்குதலுமே அவ்வியலைக் கற்பார்க்கு வேண்டிய பயிற்சி.

இங்கு ஓர் ஐயம் எழலாம். குறை சமுதாயத்தினது எனின், தனி மனிதன் முயற்சி செய்யவேண்டியதில்லையா? ஆள்வினையுடைமை பொருளற்றதாகிவிடுமா? அங்ஙனமன்று. றவுண்ட்றியின் கணக்கிலே குடியாற் கெட்ட குடும்பங்களும் இருந்தன. அவர் அவற்றை மறைத்தாரல்லர். சமூகவியல் தனி மனிதனுடைய பொறுப்பைத் துடைப்பதில்லை. அதனோடு மற்றொரு பொறுப்பையும் சேர்க்கின்றது. கூலியை வகுப்பவர், சட்டத்தை இயற்றுபவர், வரியிறுப்பவர், வாக்களிப்பவர் ஆகிய அனைவர் மீதும் அது அப்பொறுப்பைச் சுமத்துகின்றது. ஊழ் எனக் கூறி வாளாவிருப்பதும், முயற்சியின்மை எனக் கூறி இகழ்ந்து செல்வதும் எளியன. எண்ணிப் பார்த்தலும் ஒப்புநோக்குதலும் அரியன.

இலங்கைக்கும் இவ்வரலாற்றோடு தொடர்பில்லாமலில்லை. 1939 இல் இங்கு இயற்றப்பட்ட வறியோர் சட்டம் பெயரளவிலும் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. வறியோர்க்கு மாதந்தோறும் கிடைத்த அரசாங்க உதவிப் பணத்தை மக்கள் பிச்சைச் சம்பளம் எனவே வழங்கி வந்தனர். அச்சொல்லிலே பழைய நோக்கு முழுவதும் அடங்கியுள்ளது. உரிமையாகப் பெறும் ஒன்றும், வாழ்நாளெல்லாம் உழைத்துத் தளர்ந்த முதியவள் வரிசையில் நின்று பெறும் ஒன்றும் பிச்சை எனப்படுமாயின், வறுமையை நாணத்தக்க குற்றமாகக் கருதும் மனம் இன்னும் மாறவில்லை என்பதே பொருள். பெரிய நூல்களை நாடிச் செல்லுமுன், தாம் நாடோறும் வழங்கும் சொற்களுள் இத்தகைய தீர்ப்புக்கள் எத்தனை மறைந்துள்ளன என மாணவர் ஆராயத் தொடங்குவராயின், அவர் சமூகவியலின் முதற் பாடத்தைக் கற்றவராவர்.